பெயர் யாருக்குச் சொந்தம்? ஐம்பதாண்டு விளையாட்டு ஒன்றின் சந்தை பலம்

2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் காக்ஸும், அதன் துணை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டின் அன்றைய தலைவர் சிந்தியா வில்லியம்ஸும் முதலீட்டாளர்களுக்கான ஒரு கூட்டத்தில் பேசினார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற தங்கள் விளையாட்டுக்கு இருக்கும் புகழோடு ஒப்பிட்டால் அதிலிருந்து வரும் பணம் மிகக் குறைவு என்பதே அவர்கள் பேச்சின் சாரம். விளையாடுபவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்தான் பெரும்பாலான செலவைச் செய்கிறார்கள், மற்றவர்களிடமிருந்தும் இனி பணம் வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அதே நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் பணிந்து, கையில் வைத்திருந்த உரிமைகளில் ஒரு பெரும் பகுதியை உலகத்துக்கு இலவசமாக எழுதிக் கொடுத்துவிட்டது.

இதைப் பற்றி நம் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும்? அமெரிக்காவில் குடும்பத்தோடு வசிக்கும் நம் ஊர் சகோதரர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் அழைத்தார். பதிமூன்று வயது மகன் பள்ளியில் இந்த விளையாட்டுக் குழுவில் சேர வேண்டும் என்று நச்சரிக்கிறானாம். "பேய், பிசாசு, சூனியம் என்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடமே நடத்துகிறது. தபால் தலைகூட வெளியிட்டிருக்கிறார்கள். இது என்னதான் பாய்?" என்று கேட்டார். தபால் தலை விஷயம் உண்மைதான். விளையாட்டின் 50 ஆண்டு நிறைவையொட்டி 2024 ஆகஸ்டில் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்டது. அவருக்குப் பதில் சொல்லத் தேடியபோது கண்ணில் பட்டவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள்: ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். கதை நடத்துபவர் ஒரு சூழலைச் சொல்ல, மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று வாயால் சொல்கிறார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்கிறது. பலகை அவசியமில்லை, பந்தயப் பணம் இல்லை, யாரும் ஜெயிப்பதோ தோற்பதோ இல்லை. ஒரே கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் ஓடும்.

இதிலிருந்தே நிறுவனத்தின் தலைவலி புரிந்துவிடும். விதிப் புத்தகத்தை ஒருவர் ஒருமுறை வாங்கினால் ஐந்து பேர் ஆயுளுக்கும் விளையாடலாம். விற்பவனுக்கு மறுபடி வேலையே இல்லாத சரக்கு! இருந்தும் அந்தப் பெயர் ஊரெல்லாம் நிற்கிறது. போட்டோகாப்பி எடுப்பதை நாம் 'ஜெராக்ஸ்' என்கிறோம் அல்லவா, எந்தக் கம்பெனியின் இயந்திரமாக இருந்தாலும்? அதுபோல மேற்கில் இந்த வகை விளையாட்டு எதுவாக இருந்தாலும் வெளியாட்கள் 'டி அண்ட் டி' என்றே சொல்கிறார்கள். இதுவரை 5 கோடிக்கும் மேற்பட்டோர் விளையாடியிருக்கிறார்கள் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு.

இந்தப் பெயர் எத்தனை கை மாறியிருக்கிறது என்று பாருங்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் என்பவர், காப்பீட்டு நிறுவன வேலை போன பிறகு வீட்டு நிலவறையில் செருப்பு தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அவரும் டேவ் ஆர்னசன் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு 1974இல் வெளிவந்தது. முதல் பதிப்பு 1000 பிரதிகள்தான். அவற்றைப் பெட்டியில் அடுக்கிக் கட்டும் வேலையெல்லாம் வீட்டிலேயே நடந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அது பெரும் வியாபாரமாகிவிட்டது.

ஆனால் ஆர்னசன் 1976லேயே வெளியேறி, பின்னர் ராயல்டி கேட்டு வழக்குத் தொடர வேண்டியிருந்தது. கைகாக்ஸ் 1985இல் தன் சொந்த நிறுவனமான டிஎஸ்ஆரின் கட்டுப்பாட்டை இழந்தார். 1997இல் அந்த நிறுவனம் அச்சகத்துக்குப் பணம் கொடுக்க முடியாமல், புத்தகம் அச்சிடுவதே நின்றுபோகும் நிலைக்கு வந்தது. அப்போது 'மேஜிக்' என்ற சீட்டு விளையாட்டால் செழித்திருந்த விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கியது. 1999இல் விசார்ட்ஸையே ஹாஸ்ப்ரோ சுமார் 32.5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. உருவாக்கிய இருவருமே கடைசிக் காலத்தில் அந்தப் பெயருக்கு உரிமையாளர்கள் இல்லை. முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். பெயர் மட்டும் தேயவில்லை.

எதிர்ப்பாலும் தேயவில்லை. 1980களில் அமெரிக்காவின் கிறிஸ்தவக் குழுக்களில் பல இதைச் சாத்தானின் வேலை என்றன. விளையாடி வந்த இளைஞன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டபோது, அவனுடைய தாயார் விளையாட்டுதான் காரணம் என்று 1983இல் ஓர் அமைப்பையே தொடங்கினார். தொலைக்காட்சி விவாதங்கள், பள்ளித் தடைகள், ஆலயப் பிரசங்கங்கள் என்று ஒரு பீதி நாடெங்கும் பரவியது. விளையாட்டுக்கும் தற்கொலைக்கும் தொடர்பு இருப்பதாக எந்த ஆய்வும் நிறுவவில்லை. அந்த அமளியில், அதுவரை பெயரே கேள்விப்படாத பிள்ளைகளும் கடைக்குப் போய் அதைக் கேட்டார்கள். விற்பனை ஏறியது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் நிறுவனம் கொஞ்சம் பயந்து, ஷைத்தான்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நீக்கி வேறு கற்பனைப் பெயர்களை வைத்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய சொற்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்தன. எடுத்ததும் சந்தைக்காக, சேர்த்ததும் சந்தைக்காக.

அந்த மூன்றாம் பதிப்போடுதான் இந்த பிராண்டின் வரலாற்றிலேயே மிகக் கெட்டிக்கார முடிவும் வந்தது. விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதை வைத்துப் புதிய கதைப் புத்தகங்கள் எழுதி விற்கலாம், எங்களுக்கு ஒரு காசும் தரவேண்டாம் என்று ஒரு திறந்த உரிமத்தை விசார்ட்ஸ் வெளியிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சொந்தக் கடையின் சாவியை எதிர்க்கடைக்காரரிடம் கொடுப்பதுபோல. ஆனால் நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் எழுதிய புத்தகங்களைப் பயன்படுத்த, முதலில் விசார்ட்ஸின் மூல விதிப் புத்தகம் கையில் வேண்டும். ஆக, மற்றவர்கள் உழைத்து இவர்கள் பெயரை வளர்த்தார்கள்.

அதோடு, பிற்காலத்தில் இந்த உரிமத்தை நாங்கள் மாற்றினாலும், பிடிக்கவில்லையென்றால் பழைய உரிமத்தின் கீழேயே நீங்கள் தொடரலாம் என்றும் நிறுவனம் தன் விளக்கத்தில் அன்று எழுதி வைத்தது. இந்த வாக்குறுதியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது நிறுவனம் கையை இறுக்கியது. புதிய பதிப்புக்குக் கட்டுப்பாடுகள் நிறைந்த வேறோர் உரிமம். விளைவு? அதுவரை இவர்களுக்காகப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த பைசோ என்ற சிறிய நிறுவனம், பழைய திறந்த உரிமத்தையே பயன்படுத்தி 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டை இறக்கியது. சில காலம் விற்பனையில் மூலத்தையே முந்தியது. 2014இல் எளிமையான ஐந்தாம் பதிப்போடு விசார்ட்ஸ் மீண்டு வந்தது. பின்னர், நடிகர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து விளையாடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டிய 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சியும், 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரும் புதிய தலைமுறையைக் கொண்டுவந்து சேர்த்தன. அந்தத் தொடரில் வரும் அரக்கர்களின் பெயர்கள் இந்த விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. இந்த விளம்பரங்களுக்காக நிறுவனம் பெரிதாக வியர்வை சிந்தவில்லை. ரசிகர்களே தூக்கி நிறுத்தினார்கள்.

2022 மே மாதம், விதிகளை இணையத்தில் படிக்கவும் பாத்திரங்களைச் சேமிக்கவும் உதவும் 'டி அண்ட் டி பியாண்ட்' என்ற சந்தா தளத்தை ஹாஸ்ப்ரோ 14.63 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவு போட்டால் திரும்ப எடுக்க வேண்டுமே! டிசம்பரில் முதலீட்டாளர்களிடம் பேசியதன் பின்னணி இதுதான்.

2023 ஜனவரி 5 அன்று புதிய உரிமத்தின் வரைவு ஊடகத்தில் கசிந்தது. பழைய திறந்த உரிமம் இனி செல்லாது. இந்த விதிகளை வைத்து ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் நிறுவனத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். 7.5 லட்சம் டாலரைத் தாண்டும் வருமானத்தில் 25 சதவீதம் வரை ராயல்டி கட்ட வேண்டும். லாபத்தில் அல்ல, வருமானத்தில்! புத்தகம் அச்சிட்டு விற்பவர்களுக்குத் தெரியும், மொத்த வருமானத்தில் கால் பங்கு போனால் கையில் என்ன மிஞ்சும் என்று. போதாக்குறைக்கு, மற்றவர்கள் எழுதியதை நிறுவனமும் பணம் கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற ஒரு பிரிவும் இருந்தது.

2000ஆம் ஆண்டு உரிமத்தில் அது 'நிரந்தரமானது' என்று எழுதியிருந்தது. ஆனால் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்கள். சட்டத்தின் முன் வாதிட இடம் இருந்திருக்கலாம். ஆனால் இருபது வருடங்களாக அந்த வாக்கை நம்பிக் கடை போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு கட்டளையிட்டு அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. நம் வியாபாரிகள் பலர் பத்திரமே இல்லாமல் வாய்ச்சொல்லில் லட்சக்கணக்கில் சரக்கு கொடுத்து வாங்கிய காலம் ஒன்று உண்டு. சொல்லை நம்பிக் கடை வைப்பது என்றால் என்னவென்று நமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ரசிகர்கள் செய்தது எளிமையானது. நிறுவனம் அப்போதுதான் காசு கொட்டி வாங்கிய அந்தச் சந்தா தளத்துக்குப் போய் சந்தாவை ரத்து செய்தார்கள். ரத்து செய்யும் பக்கமே கூட்டம் தாங்காமல் திணறியதாகச் செய்திகள் வந்தன. பதிப்பாளர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். பைசோ நிறுவனம் யாருடைய கையிலும் சிக்காத ஒரு பொது உரிமத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தது. எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த அதன் விதிப் புத்தக இருப்பு இரண்டே வாரத்தில் விற்றுத் தீர்ந்தது.

விசார்ட்ஸ் முதலில் மழுப்பியது. பிறகு கொஞ்சம் தளர்த்திய இன்னொரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அளித்தார்கள். புதிய உரிமத்தின் கீழ் எதையும் வெளியிட விருப்பமில்லை என்றவர்கள் 88 சதவீதம். ஜனவரி 27 அன்று நிறுவனம் பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்று அறிவித்ததோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' பொது உரிமத்தின் கீழ் விட்டுவிட்டது. இனி நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. கசிந்த நாளிலிருந்து 22 நாட்கள்!

புறக்கணிப்பு என்ற சொல் நம் சமூகத்துக்குப் பழக்கமானது. காஸா மீதான போர் தொடங்கிய பின் 2024 தொடக்கத்தில், மத்தியக் கிழக்கிலும் மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலும் தங்கள் வியாபாரம் பாதிக்கப்பட்டிருப்பதாக மெக்டொனால்ட்ஸ் தலைமையே ஒப்புக்கொண்டது. ஏப்ரலில் இஸ்ரேலில் உள்ள 225 உணவகங்களை உரிமதாரரிடமிருந்து தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தது. அந்தப் புறக்கணிப்பின் காரணம் உயிர்களைப் பற்றியது. ஒரு விளையாட்டின் உரிமப் பிரச்சினையை அதோடு சமமாக வைக்க முடியாது. ஆனால் வழிமுறையைப் பார்க்கலாம். விளையாட்டு ரசிகர்கள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்கள். நிறுவனம் எந்த எண்ணை தினமும் காலையில் எடுத்துப் பார்க்குமோ அந்த எண்ணில் கை வைத்தார்கள். போவதற்கு மாற்றுக் கடையும் தயாராக இருந்தது. நம் வாட்ஸப் குழுக்களில் சுற்றும் நூறு பொருட்களின் பட்டியல்களில், பாதி சரிபார்க்கப்படாதவை, இந்த மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை.

சரி, இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு பெயர் கெட்டதா? அதுதான் வியப்பு. 2023 மார்ச்சில் சுமார் 15 கோடி டாலர் செலவில் எடுத்த திரைப்படம் உலகெங்கும் 20.8 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது; திரையரங்குகளின் பங்கு போனால் அது லாபக் கணக்கு அல்ல. ஆனால் ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோஸ், உரிமம் பெற்று உருவாக்கிய 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டு, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதைத் தட்டிச் சென்றது. அந்த ஒரு விளையாட்டிலிருந்து மட்டும் ஹாஸ்ப்ரோவுக்கு 2023இல் சுமார் 9 கோடி டாலர் கிடைத்தது. வேறொருவர் உழைப்பு, இவர்கள் பெயர், அதற்கான வாடகை.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஹாஸ்ப்ரோ 1,100 பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தது. 2019இல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்ட திரைப்பட நிறுவனத்தை 50 கோடி டாலர் மதிப்புக்கு விற்றுத் தலைமுழுகியதும் அந்த ஆண்டில்தான். மொத்தத்தில் 2023இன் நிகர நட்டம் சுமார் 149 கோடி டாலர். வெற்றி பெற்ற விளையாட்டின் அடுத்த பாகத்தை நாங்கள் செய்யமாட்டோம் என்று லேரியன் 2024 மார்ச்சில் சொல்லிவிட்டது. நிறுவனமே கட்டிய முப்பரிமாண இணைய மேசையான 'சிஜில்' 2025 தொடக்கத்தில் வெளியாகி, சில வாரங்களிலேயே அதில் வேலை செய்த பெரும்பாலோர் அனுப்பப்பட்டார்கள். விசார்ட்ஸின் வருமானத்தில் பெரும் பகுதி இன்றும் 'மேஜிக்' சீட்டுகளிலிருந்துதான் வருகிறது. 2022லேயே ஆண்டுக்கு 100 கோடி டாலர் தாண்டிய பிராண்ட் அது. டி அண்ட் டிக்குத் தனிக் கணக்கே அறிக்கையில் காட்டுவதில்லை. ஊர் முழுக்கப் பெயர், கல்லாவில் காசு இல்லை என்று நம் பக்கம் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

இனி சகோதரரின் கேள்விக்கு வருவோம். ஒரு பெயர் இவ்வளவு பலமாகிவிட்டால் அதை எதன் மீதும் ஒட்டலாம். பெற்றோருக்குச் சிக்கல் அங்கேதான். 1983 முதல் 1985 வரை இதே பெயரில் சிறுவர்களுக்கான கார்ட்டூன் தொடர் வந்தது. தபால் தலையிலும் இதே பெயர். பள்ளிக் குழுவும் இதே பெயரில்தான் நடக்கிறது. நான் மேலே சொன்ன, விருது வாங்கிய 'பால்டர்ஸ் கேட் 3' வந்திருப்பதும் இதே உலகத்திலிருந்துதான். ஆனால் ஐரோப்பாவில் அதற்கான வயது வரம்பு 18. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான தரம். கடும் வன்முறை மட்டுமல்ல, நிர்வாணமும் பாலியல் காட்சிகளும் அதில் இருக்கின்றன. பள்ளியில் விளையாடுவதுதானே என்று மகனுக்குப் பெருநாள் பரிசாக அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு தலையில் கை வைக்கும் தந்தைகள் இருக்கக்கூடும்.

அகீதா பக்கம் பார்த்தாலும் சில விஷயங்கள் உண்டு. 1977இல் வந்த அரக்கர் புத்தகத்திலேயே ஜின், இஃப்ரீத் ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. கபர்ஸ்தானைச் சுற்றும் 'கூல்' என்ற அரபுக் கதைப் பேயும் உண்டு. ஜின்கள் நமக்குக் கற்பனை அல்ல, மறைவானவற்றின் மீதான நம்பிக்கையோடு சேர்ந்த விஷயம். இங்கே அவை வெட்டி வீழ்த்த வேண்டிய எதிரிகள். 1992இல் 'அல்-காதிம்' என்ற பெயரில் ஓர் உலகத்தையே வெளியிட்டார்கள். பாலைவனம், கலீஃபா, கடைவீதி எல்லாம் இருக்கும், தவ்ஹீத் இருக்காது. அதற்குப் பதில் பல கற்பனைத் தெய்வங்கள். ஆயிரத்தோரு இரவுகள் கதைகளின் அலங்காரத்தை எடுத்துக்கொண்டு, அந்த மக்களின் மார்க்கத்தை மட்டும் வெளியே நிறுத்திய வேலை. இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் முஸ்லிம் பிள்ளை ஒன்று அதைப் படித்தால் தன் வீட்டை அங்கே காணாது. 2020க்குப் பிறகு, பழைய வெளியீடுகள் சிலவற்றில் இன, கலாச்சாரத் தப்பெண்ணங்கள் இருக்கலாம் என்று நிறுவனமே ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்து விற்கிறது. இப்போதைய விதிகளிலும், மத குருப் பாத்திரம் ஏற்பவர் ஒரு தெய்வத்தைத் தேர்ந்தெடுத்து அதனிடமிருந்து சக்தி பெறுவதாகக் கதை செல்லும். அந்தப் பாத்திரத்தை எடுக்காமலும் விளையாட முடியும், தெய்வங்களே இல்லாத கதையை நடத்தவும் முடியும். அது மேசையில் கதை நடத்துபவரைப் பொறுத்தது.

பகடை விஷயம் தனி. நர்தஷீர் விளையாட்டை வன்மையாகக் கண்டித்து வரும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை நாம் அறிவோம். பந்தயம் இல்லாவிட்டாலும் பகடை உருட்டும் விளையாட்டுகள் கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. சூதாட்டத்தோடு தொடர்பிருந்தால்தான் தடை என்று கூறுவோரும் உள்ளனர். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவரவர் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கேட்கும்போது விளையாட்டை ஒழுங்காக விவரித்துக் கேட்க வேண்டும். 'சாத்தான் விளையாட்டு' என்று மட்டும் சொன்னால் அவரும் என்ன பதில் சொல்வார்?

இவற்றையெல்லாம் சகோதரரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் மகனை அருகில் அழைத்து விசாரித்தார். பள்ளியில் நடப்பது மேசை விளையாட்டு, கணினி விளையாட்டு அல்ல என்று தெரிந்தது. கதை நடத்துபவர் அவர்களின் அறிவியல் ஆசிரியராம். பையன் எடுக்க விரும்பும் பாத்திரம் வில் எறியும் வேட்டைக்காரன். வாரம் ஒரு நாள், அஸருக்கு முன் முடிந்துவிடும் என்று அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். பகடையைப் பற்றி அங்குள்ள பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்வதாகச் சகோதரர் சொன்னார். இமாமைச் சந்திக்கும்போது மகனையும் உடன் அழைத்துப் போகிறாராம், விளையாட்டை அவனே விளக்கட்டும் என்று.